கண்புரை

‘புரை’ பழைய சொல். உட்டுளை என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். புரையோடிய புண் முன்னதைச் சேர்ந்தது. திருக்குறளில் வருவது பின்னது. கண்புரையில் இருப்பதும் குற்றமே என்பது என் கணிப்பு.

நல்லூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அம்மா, கண்புரை ஆபரேஷன் முடிந்தும் பார்வை மங்கினால், “மறுக்கா சதை வளந்துருச்சு” என்பார். புரை திரும்ப வராது. லென்ஸை எடுத்தபின் விட்டுவைத்த மெல்லிய உறையில், மிச்சமிருந்த செல்கள் பின்சுவரில் படர்ந்திருக்கும். யாக் லேசரால் அதில் துளையிட்டால் பார்வை தெளியும்; விழித்திரை நன்றாக இருந்தால்தான். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு உறையின் முன்வாயே சுருங்கி, உள்ளே வைத்த செயற்கை லென்ஸை நகர்த்திவிடுவதும் உண்டு. அதற்கு நம்மூர்ப் பேச்சில் இன்னும் பெயரில்லை.