பார்க்க முடியாத தொடரைப் பற்றிய பேச்சு

தமிழ் இலக்கிய வரலாறு கற்பிப்போருக்கு ஒரு விநோதமான பழக்கம் உண்டு. கிடைக்காத நூல்களைப் பற்றியும் நாம் மணிக்கணக்கில் பேசுவோம். வளையாபதியையும் குண்டலகேசியையும் முழுமையாகப் படித்தவர் நம் காலத்தில் எவருமில்லை. உரைகாரர்கள் எடுத்துக்காட்டியவையும் புறத்திரட்டில் சேர்ந்தவையுமான சிதறிய பாடல்களைக் கொண்டு காவியத்தின் உருவத்தை ஊகிக்கிறோம். தேர்வுக்கு வினாவும் வைக்கிறோம். இழப்புக்குக் காரணம் கேட்டால் கரையானையும் ஆற்றுவெள்ளத்தையும் சுட்டிவிடலாம், நூற்றாண்டுகள் பல கடந்துவிட்டன என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அரை நூற்றாண்டுக்கும் சற்றே முற்பட்ட, உலகின் பெரிய ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று தயாரித்த, கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் இதே நிலை நேர்ந்தது என்பதை அறியும்போதுதான் கரையான் மீது நாம் சுமத்திய பழி சற்று அதிகமோ என்று தோன்றுகிறது.

பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் பகுதி 1963 நவம்பர் 23 சனிக்கிழமை ஒளிபரப்பானது. கென்னடி கொலையுண்டதற்கு மறுநாள் அது. நாடே வேறு நினைவில் இருந்ததால், அடுத்த சனிக்கிழமை முதல் பகுதியை மீண்டும் ஒளிபரப்பிய பிறகே இரண்டாம் பகுதியைக் காட்டினார்கள். தொடரைத் திட்டமிட்டவர்களில் முதன்மையானவர் சிட்னி நியூமன். தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். ஆங்கிலேய ஆண்களே நிறைந்திருந்த அக்காலத்து அலுவலகத்தில் ஒரு பெண்ணும் ஓர் இந்தியரும் சேர்ந்து தொடங்கி வைத்த தொடர் இது. காவலர் அழைப்புப் பெட்டியின் வடிவிலுள்ள கலத்தில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒரு கிழவர் என்பதே கதைக்கரு. கிழவராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966இல் விலகியபோது, அவர் உடல் மாறிப் புதியவராக எழுவார் என்று கதை செய்து பேட்ரிக் டிரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். அந்த உபாயம்தான் தொடரின் ஆயுளை நீட்டித்தது. முதல் உருமாற்றம் நிகழும் அந்தப் பகுதியே பின்னர் தொலைந்துபோனவற்றுள் ஒன்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

முதல் ஆறாண்டுகளில், கறுப்பு வெள்ளையில், 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. 1967 தொடங்கி அவற்றின் மூல ஒளிநாடாக்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. கவனக்குறைவால் நேர்ந்ததன்று இது. முறையாகக் கையொப்பமிட்டுச் செய்த அலுவலகப் பணி. இரண்டு அங்குல அகலமுள்ள அந்த நாடாக்கள் விலைமிக்கவை. அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்பதே அவற்றின் சிறப்பாகக் கருதப்பட்டது. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தம் மறு ஒளிபரப்புக்குக் கடுமையான வரம்பு விதித்திருந்தது. திரும்பக் காட்ட உரிமையில்லாத ஒன்றை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பது கணக்கரின் கேள்வி. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பார் என்பது அடுத்த கேள்வி. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எந்தக் கேள்வியிலும் பிழையில்லை. ஏட்டுச்சுவடிகளை அடுப்பிலிட்டவர்களும் அன்றைய விறகுத் தேவையை முன்னிட்டுத்தான் அதைச் செய்திருப்பார்கள்.

வெளிநாட்டு விற்பனைக்காக இந்தப் பகுதிகளைப் பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளில் நகலெடுத்திருந்தது நிறுவனத்தின் வணிகப் பிரிவு. மூல நாடா அழிந்தபின் அந்த நகல்களே எஞ்சியவை. விற்பனைக் காலம் முடிந்ததும் 1970களில் அவற்றையும் அழிக்கத் தொடங்கினார்கள். வணிகப் பிரிவினர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் என்று எண்ணினார்கள். காப்பகத்தாரோ நாடாவில் எடுத்ததைப் பாதுகாப்பது தம் பொறுப்பன்று என்று எண்ணினார்கள். இரு துறைகளுக்கு இடையில் ஒரு கலைப்படைப்பு எப்படி விழுந்து மறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

1978இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளரும் தீவிர ரசிகருமான இயன் லெவின் பழைய பகுதிகளின் நகல் வாங்க வணிகப் பிரிவுக்குச் சென்றபோது, தொடருக்குப் புகழ் தேடித்தந்த முதல் 'டாலெக்' கதையின் சுருள்கள் அழிப்புக்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு தடுத்தார். அதே ஆண்டில் காப்பகத்தில் பொறுப்பேற்ற சூ மால்டன் என்ற அதிகாரி, என்னென்ன எஞ்சியுள்ளன என்று கணக்கெடுக்க இந்தத் தொடரையே மாதிரியாகத் தேர்ந்தார். வெளியிலிருந்து ஒரு ரசிகரும் உள்ளிருந்து ஓர் அலுவலரும் ஒரே ஆண்டில் விழித்துக்கொண்டது நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

இதற்குள் ரசிகர்கள் ஒன்றுகூடத் தொடங்கியிருந்தார்கள். எந்தெந்தக் கதைகள் வந்தன என்ற பட்டியலே அவர்களுக்கு 1972இல் மால்கம் ஹல்க்கும் டெரன்ஸ் டிக்ஸும் எழுதிய நூலின் வழியாகத்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டு டார்கெட் பதிப்பகம் கதைகளை நாவல் வடிவில் மலிவு விலையில் வெளியிடத் தொடங்கியது. டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எழுதிக் குவித்தார். ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தாம் பிறக்குமுன் ஒளிபரப்பான கதைகளை இந்த நூல்களில் படித்தே அறிந்தார்கள். அவற்றின் உரைநடையில் இலக்கியத் தரம் தேடுவது வீண். எனினும் வாசிக்கும் பழக்கத்தை அவை எத்தனை பேருக்கு ஊட்டின என்பதை இங்கிலாந்தின் இன்றைய எழுத்தாளர் பலர் நன்றியுடன் சொல்லியிருக்கிறார்கள். அம்புலிமாமாவில் தொடங்கியவர்களான நமக்கு இது புரியாததன்று.

1976இல் ரசிகர் சங்கம் முறையாக அமைந்தது. 1977 ஆகஸ்டில் இலண்டனின் பாட்டர்சீ பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில் முதல் மாநாடு நடந்தது. சங்கம் தோன்றிய உடனேயே சண்டையும் தோன்றியது. 1976 இறுதியில் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'தி டெட்லி அசாசின்' ஒளிபரப்பானது. அதுவரை தேவர்களைப் போல் மறைவில் இருந்த கால அதிபர்களைப் பதவி ஆசை பிடித்த கிழட்டு அரசியல்வாதிகளாக அது காட்டியது. தொடரின் மாயம் எங்கே போயிற்று என்று வெகுண்டு சங்கத் தலைவரே கண்டனம் எழுதினார். முன்னர் வந்த கதைகளோடு எங்கெங்கு முரண்படுகிறது என்று பட்டியலும் தந்தார். அந்தக் கதையைத் தொடரின் உச்சங்களுள் ஒன்றாகப் பிற்காலத்தார் வைத்தது வேறு செய்தி. நாம் கவனிக்க வேண்டியது, வாதத்தின் அடிப்படை. ஒளிநாடாப் பெட்டி வீடுகளுக்கு வராத காலம். பழைய கதைகளில் பல ஏற்கெனவே அழிந்தவை. பழையது மேலானது என்று வாதிட்டவரிடமும் மறுத்தவரிடமும் இருந்த சான்று, பள்ளிப் பருவத்தில் ஒரே ஒரு முறை பார்த்த நினைவு மட்டுமே. 1980களில் தொடரைத் தயாரித்த ஜான் நாதன்-டர்னர் இத்தகைய ரசிகர்களுக்கு 'நினைவு ஏமாற்றும்' என்று விடை சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். அதில் தற்காப்பு இருந்தது, உண்மையும் இருந்தது.

நினைவு அன்றி இன்னொரு சான்றும் இருந்தது. 1960களில் இங்கிலாந்தின் வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத சில இளைஞர்களும் சிறுவர்களும் சனிக்கிழமை மாலைகளில் ஒலிப்பதிவுக் கருவியின் ஒலிவாங்கியைத் தொலைக்காட்சியின் முன் வைத்து, வீட்டாரை வாய்மூடச் சொல்லி, தொடரின் ஒலியை மட்டும் பதிந்துகொண்டிருந்தார்கள். சிலர் இன்னும் துணிந்து தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளேயே கம்பியை இணைத்துத் தெளிவான ஒலியைப் பிடித்தார்கள். எவருக்கும் ஆவணப்படுத்தும் நோக்கம் இல்லை. திரும்பக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான். அதன் விளைவு: படம் அழிந்த பகுதிகளுள் ஒலி கிடைக்காத பகுதி ஒன்றுகூட இல்லை. படத்தைப் பாராமலே வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டு வசனங்களை மனப்பாடம் செய்த நம் ஊர்க்காரர்களுக்கு, கேட்டே ஒரு படத்தை உள்ளத்தில் கட்டிக்கொள்வது எத்தகைய அனுபவம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜான் க்யூரா என்பவர் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து, ஒரு பகுதிக்கு அறுபது எழுபது படங்கள் வீதம் தயாரிப்பாளர்களுக்கு விற்று வந்தார். அந்தச் சிறு படங்களை ஒலியுடன் வரிசைப்படுத்தி, அழிந்த பகுதிகளை ரசிகர்கள் மீட்டுருவாக்கினார்கள். பாடபேதம் நோக்கும் பதிப்பாசிரியரின் உழைப்பிற்கு இது சற்றும் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

சுருள்கள் திரும்பி வந்த இடங்களைக் கேட்டால் வியப்பு மேலிடும். 1983இல் இலண்டனில் மார்மன் சபையாரின் கட்டடம் ஒன்றிலிருந்து இரண்டு பகுதிகள். சைப்ரஸிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் சில. 1999இல் நியூசிலாந்தின் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து ஒன்று. எல்லாவற்றினும் நகைப்புக்குரியது ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. அங்கே 1960களில் தணிக்கையாளர்கள் குழந்தைகள் அஞ்சுவார்கள் என்று கொலைக் காட்சிகளையும் கூச்சல்களையும் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய துண்டுகளைச் சட்டப்படி கோப்பில் வைத்தார்கள். முழுப்படங்கள் எங்கும் இல்லாமற் போயின. 1996இல் இரண்டு ரசிகர்கள் ஆவணக் காப்பகத்தில் தேடியபோது, காட்டத்தகாதவை என்று விலக்கிய அந்தச் சில நொடித் துண்டுகள் மட்டும் பத்திரமாக இருந்தன!

இனி, நினைவின் வழக்குக்கு வருவோம். 1967இல் வந்த 'டூம் ஆஃப் தி சைபர்மென்' அழிந்த கதைகளுள் தலையாயது என்று பார்த்தவர்கள் சொல்லிவந்தார்கள். 1983இல் ரசிகர்களிடம் முதல் ஒளிநாடாவாக எதை வெளியிடலாம் என்று கேட்டபோது பலர் இதைத்தான் கேட்டார்கள் என்றும், இல்லாத கதையை எப்படி வெளியிடுவது என்று விழித்த நிறுவனம் வேறொரு சைபர்மென் கதையைக் கொடுத்துச் சமாளித்தது என்றும் சொல்வார்கள். 1992 தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து நான்கு பகுதிகளும் முழுமையாகத் திரும்பின. விற்பனை அமோகம், ஆனால் சிறுவயதில் கண்ட பிரம்மாண்டத்தைத் தேடியவர்களுக்கு மெலிந்த அரங்கமும் கண்ணுக்குத் தெரிந்த கம்பியும் உறுத்தின. நினைவு ஏமாற்றும் என்றவர் வென்றார் என்று தோன்றும். ஆயினும் அந்த நினைவுச் சுமை இல்லாத ஒருவர், 1982இல் பிறந்த மேட் ஸ்மித், 2010இல் டாக்டராக நடிக்கத் தயாராகும்போது இதே கதையைப் பார்த்து டிரௌட்டனிடம் மனம் பறிகொடுத்தார். தம் பாத்திரத்தின் தோரணைக்கு அவரையே முன்மாதிரியாகக் கொண்டார்.

எதிர்த்திசையில் நடந்தது இதனினும் சுவையானது. 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' என்ற ஆறு பகுதிக் கதையில் மூன்றாம் பகுதி மட்டுமே எஞ்சியிருந்தது. அப்பகுதியில் நடைபாதையிலும் சமையலறையிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். எரிச்சல் பிடித்த ஒரு சமையற்காரர் அலுத்துக்கொண்டே இருப்பார். இதைக் கண்டு, கதை முழுவதும் சலிப்பூட்டுவது என்று பல்லாண்டுகள் தீர்ப்பெழுதினார்கள். 2013 அக்டோபரில், பிலிப் மோரிஸ் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கண்டெடுத்த சுருள்கள் பற்றிய அறிவிப்பு வந்தது. இந்தக் கதை முழுமையடைந்தது. முதல் பகுதியிலேயே கடற்கரையில் மிதவை ஊர்தியும் ஹெலிகாப்டரும் துரத்துகின்றன; டிரௌட்டன் நாயகனாகவும் கொடுங்கோலனாகவும் இரட்டை வேடத்தில் ஆளே மாறித் தெரிகிறார். ஒரு காண்டத்தை மட்டும் படித்துக் கவியை எடைபோட்ட கதையாயிற்று. மதிப்பீடு தலைகீழாக மாறியது. அதே கண்டெடுப்பில் 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையின் ஐந்து பகுதிகள் நிறைவுற்றன; மூன்றாம் பகுதி மட்டும் வரவில்லை. 2013 முடிவில் காணாமற் போனவற்றின் எண்ணிக்கை 97ஆக நின்றது.

இப்படிப் பேசித் தீர்த்தவர்களே தொடரின் பிற்காலத்தை வடித்தார்கள் என்பதும் வரலாறு. 1974இல் ரேடியோ டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதிய பதினைந்து வயதுப் பையன் பீட்டர் கபால்டி, பின்னாளில் டாக்டராகவே நடித்தார். 1986இல் ஒரு தொலைக்காட்சி உரையாடலில் அவ்வாண்டின் கதையை அதன் எழுத்தாளர்கள் முன்னிலையிலேயே குறைகூறிய பதினாறு வயதுக் கிறிஸ் சிப்னல், 2018இல் தொடரின் தலைமை எழுத்தாளராக வந்து அதே வகைக் குறைகூறலை வாங்கிக் கட்டிக்கொண்டார். 1989இல் நின்றுபோன தொடரை 2005இல் உயிர்ப்பித்த ரஸ்ஸல் டி. டேவிஸும் அந்தக் கூட்டத்தவரே. ரசிகர் கையில் படைப்பு போனால் பழங்கதைக் குறிப்புகளில் மூழ்கிவிடும் என்ற அச்சம் முற்றிலும் பொய்யாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரசிகர்கள் எல்லோரும் கொடையாளர்களும் அல்லர். நகல் கையிலிருந்தும் வெளியே சொல்லாமல் பூட்டி வைத்த சேகரிப்பாளர்கள் உண்டு. தம்மிடம் மட்டுமே உள்ளது என்ற பெருமிதம் சுவடி வைத்திருந்த குடும்பங்களிடம் நாம் அறிந்ததே.

வாரிஸ் ஹுசைன் 1964இல் 'மார்க்கோ போலோ' என்ற ஏழு பகுதிக் கதையில் ஆறு பகுதிகளை இயக்கினார். குப்ளாய்கானின் அரண்மனை வரை நீளும் பயணக் கதை அது. பார்த்தவர்கள் அதன் அரங்கத்தையும் ஆடைகளையும் இன்றளவும் வியந்து பேசுவார்கள். ஏழு பகுதிகளும் அழிக்கப்பட்டன. நிறுவனத்தின் காப்பகத்தில் அதன் திரைப் புகைப்படங்களும் இல்லை. பல்லாண்டுகளுக்குப் பிறகு அவை இயக்குநரின் வீட்டில் இருந்தன. ஜான் க்யூராவிடம் அவர் தம் பணிக்காகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவை. ரசிகர்கள் அவற்றை எடுத்து, எங்கோ ஒரு வீட்டில் ஒரு சிறுவன் பதிந்து வைத்திருந்த ஒலியோடு பொருத்தினார்கள்.