வளவு மூலையில் நிற்கும் மஞ்சள் மூங்கிலை நட்டது யார்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் வளவுக்கு வளவு மதில் எழும்புகிறது. அத்திவாரம் வெட்டும்போது முதலில் போவது எல்லையில் நிற்கும் மூங்கில் பற்றைதான். பெக்கோ வந்தால் அரை மணித்தியாலத்தில் காணி துப்பரவாகிவிடும். பாம்பு அடைகிறது, சருகு கொட்டுகிறது, பக்கத்துக் காணிக்குள் சாய்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். எல்லாம் பொய்யென்று சொல்ல மாட்டோம். சருகு கொட்டத்தான் செய்கிறது. ஆனால் வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு வேறொரு கவலை இருக்கிறது.

மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு விழுந்த அந்த மூங்கில் பூப்பது மிக அரிது. பூத்தாலும் முளைக்கக்கூடிய விதை கிடைப்பதில்லை என்றே சொல்லலாம். குருவி கொண்டுவந்து போடாது, காற்றும் கொண்டுவராது. ஆற்றுவெள்ளம் ஒரு துண்டை அடித்துவந்து கரையில் ஒதுக்கினால் அது வேர்விடலாம். ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டுக் காணியின் மூலையில் நிற்கிறதென்றால் யாரோ ஒருவர் இன்னொரு வளவில் கேட்டு, வெட்டி, தோளில் சுமந்துவந்து நட்டிருக்கிறார். அந்த வளவுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். இதன் பூர்வீகம் இந்தோசீனா, தென்சீனப் பக்கம் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். அங்கிருந்து கை மாறிக் கை மாறி வந்த துண்டுதான் நம் வளவில் நிற்கிறது. காணி உறுதி தொலைந்துபோன வீட்டிலும் இந்த ஆவணம் பத்திரமாக இருக்கும், பெக்கோ வரும்வரை.

எல்லா மூங்கிலும் வந்தேறி என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டுக்கே உரியவையும் உண்டு. ஈரவலயத் தாழ்நாட்டில் அடர்ந்து வளரும் மெல்லிய மூங்கிலைச் சிங்களத்தில் 'பட்ட' என்பார்கள். புல்லாங்குழலுக்கு 'பட்டநளாவ' என்ற பெயர் அதிலிருந்துதான். ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போனபோது ஓடைக்கரையில் குட்டை மூங்கிலைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலைநாட்டு இனங்களுக்கு 2014இல் தனிப் பேரினமே வகுத்து, 'குருண' என்ற உள்ளூர்ப் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார்கள். இவை காட்டில் நின்றவை. தேவைக்கு வெட்டினார்கள், வளவுக்குக் கொண்டுவந்து வளர்க்கும் வழக்கம் குறைவு.

நம் முன்னோர் எழுதி வைத்ததில் மூங்கில் வருகிறதா என்று தேடினால் இப்னு பதூதாவிடம் போக வேண்டும். 1344இல் இங்கு வந்து, புத்தளத்திலிருந்து பாவா ஆதம் மலைக்குப் போன பாதையில் 'கைஸுரான் ஓடை' என்றொரு இடத்தைக் குறிப்பிடுகிறார். ஷெய்க் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் இரண்டு மாணிக்கங்களைக் கண்டெடுத்தது அங்கேதான் என்கிறார். கைஸுரான் என்ற அறபுச் சொல்லை மொழிபெயர்த்தவர்களில் சிலர் மூங்கில் என்கிறார்கள், சிலர் நாணல் என்கிறார்கள். பிரம்புக்கும் அறபியில் அதே சொல்தான். இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றோரங்களைப் பார்த்தவர்கள் மூங்கில் கட்சியில் சேருவார்கள். நாங்களும் அந்தக் கட்சிதான். ஆனால் இதைப் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள் பிள்ளைகளே.

அறபிகளுக்கு மூங்கிலில் வியாபாரமும் இருந்தது. சில மூங்கில்களின் கணுவிடைக்குள் வெள்ளையாக, சற்று நீலம் ஓடிய சில்லுகள் உறையும். இதுதான் தபாஷீர். தமிழ் வைத்தியத்தில் மூங்கிலுப்பு, சிங்களத்தில் உண கபுரு. யூனானி மருந்துகளில் இன்றும் இந்தப் பெயர் அடிபடும். 1154இல் தம் நூலை முடித்த அல் இத்ரீஸி, பம்பாய்க்கு அருகிலுள்ள தானா துறையைப் பற்றி எழுதும்போது பக்கத்து மலைகளில் தபாஷீர் கிடைப்பதைச் சொல்கிறார். யானைத் தந்தத்தைச் சுட்ட சாம்பலைக் கலந்து விற்கும் கள்ளத்தையும் சேர்த்தே சொல்கிறார். கலப்படம் நம் காலத்துக் கண்டுபிடிப்பென்று நினைப்பவர்களுக்கு இது சமர்ப்பணம்!

அந்தச் சில்லு உண்மையில் என்ன என்று தெரிய மேலும் அறுநூறு வருடங்களுக்கு மேல் ஆனது. இந்தியாவில் மருத்துவராக இருந்த பற்றிக் ரசல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு அதைக் கொண்டுபோனார். ஜேம்ஸ் மேசி என்ற இளைஞர் சோதித்துப் பார்த்து, மணலில் உள்ள சிலிக்காதான் இது என்று 1791இல் வெளியிட்டார். இந்த மேசி பின்னர் ஜேம்ஸ் ஸ்மித்சன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவர் விட்டுச்சென்ற சொத்தில் எழுந்தது. மண்ணிலிருக்கும் சிலிக்காவை உறிஞ்சி உடம்பில் ஏற்றிக்கொள்வதால்தான் மூங்கில் வெட்டும் கத்தி சீக்கிரம் மழுங்குகிறது. வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி நம்மூர்க்காரர் எல்லோரும் பார்த்த மூங்கிலுக்கு வருவோம். பேராதனைத் தோட்டத்தில் மகாவலிக் கரையோரம் நிற்கும் இராட்சத மூங்கில் பர்மாப் பக்கத்தைச் சேர்ந்தது. தோட்டம் 1821இல் தொடங்கப்பட்டது, இந்த மூங்கில் வந்தது 1856இல். வேடிக்கை என்னவென்றால், அதற்கு அறிவியல் முறைப்படி விவரம் எழுதி அச்சேற்றியவர் மன்றோ என்ற இராணுவ அதிகாரி, ஆண்டு 1868. முறையான விவரம் அச்சில் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே பேராதனையில் நின்றிருக்கிறது. நூறு அடி போகும். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடிவரை வளரும். 1881 டிசம்பரில் அங்கு வந்த ஜேர்மன் விஞ்ஞானி ஹெக்கல் இதைப் பார்த்து வியந்து எழுதினார். 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் அதே தோட்டத்துக்குள் வந்து இறங்கியது. இத்தனையும் அந்தப் பற்றை பார்த்திருக்கிறது. எங்கள் மாணவர்கள் அதில் பெயர் செதுக்குவதைத்தான் தாங்க முடியவில்லை. செதுக்கியதை அது ஆற்றிக்கொள்ளாது. மூங்கில் தண்டு முதல் சில மாதங்களில் முழு உயரத்துக்கும் வளர்ந்துவிடும். பிறகு பருக்காது, புதுப் பட்டையும் போடாது.

ஆனால் வீட்டு வளவுக்குப் பேராதனை மூங்கில் ஏற்றதல்ல. வளவை ஆண்டது மஞ்சளும் பச்சையுமான சாதாரண மூங்கில்தான். கொக்கத்தடி, கொடிக்கயிற்றுக்குக் கம்பு, ஏணி, கோழிக்கூடு, பிள்ளைகளின் பட்டத்துக்கு ஈர்க்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் வெசாக் கூட்டுக்குச் சிலாம்பு. ஹாட்வெயார் கடை இல்லாத காலத்து ஹாட்வெயார் கடை அது. குழாய்ப் பிட்டும் முதலில் மூங்கிலில்தான் அவிந்தது. பிறகு அலுமினியம் வந்தது. இன்றும் சிங்களத்தில் அந்த அலுமினியப் பாத்திரத்துக்குப் பெயர் 'பிட்டு பம்புவ'. பொருள் போய் நாளாகிவிட்டது, பெயர் மட்டும் அடுப்பில் இருக்கிறது.

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் தெரியும். இல்லங்கள் கட்ட முன்பெல்லாம் நான்கு வீட்டில் கேட்டால் நாற்பது மூங்கில் வரும். இப்போது இரும்புக் குழாயை வாடகைக்கு எடுக்கிறோம். பெற்றோரிடம் காசு சேர்க்க வேண்டியிருக்கிறது. இதை யாரும் மூங்கில் வெட்டிய கணக்கில் எழுதுவதில்லை.

மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்று பயந்து வெட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சு ஆதாரமில்லாதது என்றும் தள்ள முடியாது. வடகிழக்கு இந்தியாவின் மிசோரமில் ஏறத்தாழ 48 வருடத்துக்கொரு முறை ஒரு வகை மூங்கில் காடு முழுக்க ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். காயைத் தின்று எலி பெருகும், காய் தீர்ந்ததும் எலி வயலுக்கு இறங்கும். 1959இல் வந்த பஞ்சத்தை அரசு சரியாகக் கவனிக்கவில்லை என்ற கோபம் 1966இல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. சமாதானம் வர 1986 ஆனது. ஆனால் அது வேறு இனம், மைல் கணக்கில் பரந்த காடு. நம் வளவில் நிற்பது காய்க்கவே காய்க்காத ஒரு பற்றை.

வைத்திருக்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள். நம்மூர் மூங்கில் குத்தாக வளரும் வகை, நிலத்துக்கடியில் ஓடித் திரியாது. இருந்தாலும் வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி நடுங்கள். மழை தொடங்கும்போது, இரண்டு வருடத் தண்டில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டைப் படுக்கவைத்துப் புதைத்தால் போதும். சாமானுக்கு வெட்டுவதானால் மூன்று வருடம் தாண்டிய தண்டை வெயில் காலத்தில் வெட்டி, ஓடும் தண்ணீரில் சில கிழமை ஊறப்போடுங்கள். இல்லாவிட்டால் உளுத்து மாவாகக் கொட்டும். இளந்தண்டின் உறையில் சொறியும் சுணை இருக்கிறது, பிள்ளைகளைக் கவனியுங்கள்.

மிக முக்கியமானது, எப்போதும் கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் அடிக்கட்டை கோப்பையாக நின்று மழைத்தண்ணீர் பிடிக்கும். அதில் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நோட்டீஸ் தருவார். சிங்களத்தில் மூங்கிலுக்கும் 'உண', காய்ச்சலுக்கும் 'உண'. அந்தச் சொல்லை உங்கள் வளவில் நிரூபிக்க வேண்டாம்.

மதில் கட்டத்தான் வேண்டுமென்றால் கட்டுங்கள். பெக்கோவுக்குச் சொல்லுமுன் வீட்டில் மூத்தவர்களிடம், உம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால் அவர்களிடம், இதை யார் நட்டது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். இரண்டு கணுத் துண்டொன்றை வெட்டி, கேட்கிறவருக்குக் கொடுங்கள். தெரிந்த பெயரை, ஊரை, வருடத்தைக் கீழே கருத்தில் போடுங்கள். எங்கள் பாடசாலைத் தோட்டத்தின் பின்பக்கம் ஓடையோரம் இடம் இருக்கிறது. அடுத்த மழைக்குள் வரும் துண்டுகளைப் பிள்ளைகள் நடுவார்கள். எந்த வளவிலிருந்து வந்தது என்பதையும் எழுதி வைப்பார்கள்.