சேற்றுக்கு ஏற்ற சக்கரம்

திருப்பூரின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நொய்யல் கரையோடு நின்றுவிடுகிறார்கள். பருத்தி மண்டி, ஜின்னிங் ஃபேக்டரி, பனியன் கம்பெனி, 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வந்த ஏற்றுமதி ஆர்டர் என்று அந்தக் கதை ஒரே தடத்தில் போகிறது. ஆனால் 2009இல் உருவான இந்த மாவட்டத்தின் தெற்கே அமராவதி ஓடுகிறது. கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம், கணியூர் என்று அதன் கரையோரம் நெடுகிலும் நெல் வயல்கள். 1957இல் அமராவதி அணை கட்டி முடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே ராஜவாய்க்கால்களில் தண்ணீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டு இது. இங்கே சேற்றுழவுக்கு டிராக்டர் இறங்கியபோது அதற்குக் கால் செய்து கொடுத்தவை வெல்டிங் பட்டறைகள். அந்தக் கால்தான் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம். வெளிநாடுகளில் சேற்றுக்கென்று வந்த விலை உயர்ந்த செயின் தடங்களுக்கு வக்கில்லாதவன் செய்துகொண்ட மாற்று என்று இதைப் பார்ப்பது தவறு. இந்த மண்ணின் அமைப்பைச் சரியாகப் படித்துச் செய்த கருவி இது என்பதே என் வாதம்.

செயின் தடம் எங்கே பிறந்தது என்று பார்த்தால் இது விளங்கும். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரை ஒட்டிய கழிமுகத்தில் மட்கிய தாவரக் கழிவால் ஆன பஞ்சு போன்ற கரிமண் பரந்து கிடக்கிறது. நீராவி டிராக்டர்கள் அதில் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். வண்டி திரும்ப முடியாத அளவுக்கு அகலம் போயிற்று. 1904இல் பெஞ்சமின் ஹோல்ட் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலித் தடத்தைப் பூட்டி ஓட்டிக்காட்டினார். எவ்வளவு தோண்டினாலும் கெட்டித்தரை கிடைக்காத நிலத்தில் வண்டி மிதந்துதான் போக வேண்டும். எடையைப் பரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. நம் நெல் வயல் அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாக ஏரோட்டி, மாடு மிதித்து, பரம்படித்த நஞ்சையில் ஒரு சாண் சேற்றுக்குக் கீழே இறுகிய அடித்தரை ஒன்று உண்டு. தண்ணீர் கீழே வடியாமல் நெல்லுக்குக் காத்து வைப்பதும் அதுதான். இங்கே வண்டி மிதக்க வேண்டியதில்லை. சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அந்தத் தரையில் காலூன்ற வேண்டும். ரப்பர் டயரால் இது முடியவில்லை. பட்டன்களுக்கிடையே களிமண் அப்பிக்கொண்டால் டயர் உருண்டைக் கட்டையாகிவிடும், இருந்த இடத்திலேயே சுழலும். 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த டயரை டிராக்டரில் கொண்டுவந்த பிறகு உலகம் இரும்புச் சக்கரத்தைக் கைவிடத் தொடங்கியது. நெல் வயலோ அந்த இரும்பைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

செய்முறையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இரும்புப் பட்டையை ரோலிங் மிஷினில் வளைத்து வளையங்கள் ஆக்குவார்கள். வளையங்களுக்குக் குறுக்கே எல் ஆங்கிள் துண்டுகளைச் சம இடைவெளியில் வைத்து வெல்ட் அடிப்பார்கள். நடுவில் ஒரு தட்டு, அதில் டிராக்டரின் வீல் போல்ட்டுக்குப் பொருந்தும் துளைகள், தட்டையும் வளையத்தையும் இணைக்கும் கால்கள். அவ்வளவுதான். நுட்பமெல்லாம் ஆங்கிளின் சாய்வில் இருக்கிறது. சரியான சாய்வில் வைத்தால் பிடித்த சேறு மேலே வரும்போது தானே கழன்று விழும். சாய்வு பிசகினால் கூண்டு முழுக்கச் சேறு அடைந்து டயரின் கதியே இதற்கும் வரும். டயரைக் கழற்றிவிட்டு மாட்டுவது முழுச் சக்கரம். டயரோடு சேர்த்துப் பக்கத்தில் முடுக்குவது அரைச் சக்கரம். அதன் விட்டம் டயரைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் கெட்டித் தரையில் ஓடும்போது நிலத்தைத் தொடாது, சேற்றில் டயர் அமிழ்ந்ததும் தானே வேலைக்கு வந்துவிடும். இதைவிடச் சிக்கனமான பொறியியல் எனக்குத் தெரியவில்லை. கூடவே இன்னொரு லாபம்: செயின் தடம் வண்டியை நகர்த்துவதோடு சரி, கேஜ் வீல் நகரும்போதே சேறடிக்கும். முன்பு கொழிஞ்சியையும் எருக்கையும் வயலில் பரப்பி ஆட்கள் வரிசையாக நின்று தழை மிதித்தார்கள். அந்த வேலையையும் இதே சக்கரம் செய்துவிடுகிறது.

இந்தச் சக்கரத்துக்குத் தேவை வந்ததிலும் பனியனுக்குப் பங்கு இருக்கிறது. அணை திறந்ததும் ஆயக்கட்டு முழுவதும் ஒரே நேரத்தில் நாற்றுவிட்டு, ஒரே நேரத்தில் சேறடிக்க வேண்டும். 1966இல் வெளியான ஐஆர் 8 தொடங்கிக் குறைந்த வயது நெல் ரகங்கள் வந்தபின் ஒரு போகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் நாட்கள் சுருங்கின. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகி, உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கும் கம்பெனி வண்டிகள் வந்து ஆள் ஏற்றிப்போயின. வயலில் கை குறைந்தது. வேலையை முடிக்கக் கிடைத்த நாட்களும் குறைந்தன. செய்து கொடுக்கும் திறமைக்கோ பஞ்சமில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரமெங்கும் பெருகிய நூற்பாலைகளும் பம்ப்செட் தொழிலும் வார்ப்படம், லேத், வெல்டிங் தெரிந்த ஆட்களை ஊர் ஊராகப் பரப்பியிருந்தன. கெட்டுப்போன மிஷினுக்கு வெளிநாட்டு ஸ்பேருக்காகக் காத்திராமல் அளவெடுத்துத் தானே கடைந்துகொள்ளும் பழக்கம் இந்த வட்டாரத்தின் சொத்து. வயலுக்கான சக்கரத்தை நான் அந்தப் பழக்கத்தின் ஒரு கிளையாகவே பார்க்கிறேன்.

அப்படியானால் அறுவடைக்கு மட்டும் ஏன் செயின் தடம் போன்ற பெல்ட்டில் ஓடும் வண்டி வருகிறது என்று கேட்கலாம். டயர் அறுவடை இயந்திரத்தைவிட மணிக்கு அதிக வாடகை கொடுத்தும் ஈர வயலுக்கு விவசாயி அதைத்தான் அழைக்கிறார். இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அறுவடை இயந்திரம் நெல்லின் பாரத்தைச் சுமந்துகொண்டு, சாய்ந்த பயிரையும் வயலையும் குதறாமல் மேலாகப் போக வேண்டும். அங்கே மிதப்பது தேவை, அதனால் பெல்ட். சேற்றுழவில் கிழிப்பது தேவை, அதனால் கூண்டு. இரண்டையும் ஒரே வயலில் பயன்படுத்தும் விவசாயி எதற்கு எது என்று அறிந்தே காசு கொடுக்கிறார்.

கேஜ் வீலின் மேல் சொல்லப்படும் பாதுகாப்புக் குறை உண்மையானது. சேற்றில் மாட்டிய டிராக்டரின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி வெளியேற்றப் பார்க்கும்போது, சக்கரம் சுழலாமல் இறுகிக்கொள்ள, முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் கவிழ்ந்துவிடும். ஓட்டுநருக்குத் தப்பிக்க நேரமே கிடைக்காது. பட்டறைச் சக்கரம் எந்தச் சோதனைக் கூடத்தையும் பார்க்காமல் வயலுக்குப் போவதும் கவலைக்குரியதுதான். இந்தக் குறைகளைத் தீர்க்க வேண்டியவை வேளாண் பொறியியல் துறையும் பல்கலைக்கழகமும். பட்டறைக்காரருக்கு ஆங்கிளின் சாய்வு, தட்டின் கனம், வெல்டின் அளவு ஆகியவற்றை எழுதிக் கொடுப்பதும் ஓட்டுநருக்குப் பயிற்சி தருவதும் அவற்றால் முடியாத காரியமல்ல.

மற்றொரு வழக்கு தார் ரோடு. முழுச் சக்கரத்தோடு ரோட்டில் ஏறினால் ஒவ்வோர் ஆங்கிளும் தாரைக் கொத்திவிடும். அதனால் தார் ரோட்டில் அதை ஓட்டக் கூடாது என்று அதிகாரிகள் எச்சரிப்பதும் அபராதம் போடுவதும் நியாயம். விடியற்காலையில் கம்பெனி வேன் போவதும் அதே ரோட்டில்தான். ஆனால் வயலுக்கும் வயலுக்கும் நடுவே மண் தடம் இருந்த இடமெல்லாம் தாரானபோது டிராக்டர் எந்த வழியாகப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. சக்கரத்தை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் வரப்போரம் மாட்டுவதற்கு இரண்டு ஆளும் நேரமும் வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரத்தில் அந்த இரண்டுமே கிடைப்பதில்லை. வாய்க்கால் கரைத் தடங்களைச் செப்பனிட்டு டிராக்டர் போகும் அகலத்துக்கு வைத்திருந்தால், அபராத ரசீதுக்கு வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.