டேஷ்போர்டில் ஒரு சதுரத் துளை: ஸ்போர்ட்ஸ் கார் செட்டின் கதை

வீட்டில் பழைய கார் அல்லது வேன் இருந்தால், பிள்ளையின் அடிமட்டத்தை எடுத்துப்போய் அதன் செட்டின் முகத்தை அளந்து பாருங்கள். அகலம் 180 மில்லிமீற்றர், உயரம் 50. சிலவற்றில் உயரம் 100 இருக்கும். (தலைப்பில் சதுரம் என்று எழுதிவிட்டோம், கணித ஆசிரியர்கள் மன்னிக்கவும், அது செவ்வகம்தான்.) இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் ஒரு நீண்ட கதைக்குள் விழுந்துவிட்டோம். கம்பனி தந்த செட்டைக் கழற்றிவிட்டு, வாங்கியவர் தனக்குப் பிடித்ததைப் பூட்டிக்கொள்ளும் உரிமையின் கதை அது. அந்த உரிமை இப்போது மெல்லக் கைநழுவிக்கொண்டிருப்பதால்தான் எழுதுகிறோம்.

கார் ரேடியோ ஆரம்பத்தில் தொழிற்சாலையில் பூட்டி வந்த பொருளே அல்ல. கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது 1925 டிசம்பரில். அதற்கு ஐந்து வருடம்கூட ஆகாத 1930இல், சிக்காகோவைச் சேர்ந்த போல் கல்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பூட்டிக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலித் தயாரிப்பாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போட அவருக்கு இடமில்லை. காரை வெளியே நிறுத்தி, போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி சத்தமாக வைத்தார். ஓர்டர் கிடைத்தது. மோட்டோர் என்ற சொல்லோடு அக்காலத்து விக்ட்ரோலா இசைப்பெட்டியின் வாலை ஒட்டி "மோட்டோரோலா" என்று பெயரும் வைத்தார்.

பூட்டுவது லேசான வேலையல்ல. அதற்கென்று தனி பெட்டரிகள் வேண்டும். அவற்றை வைக்கக் காரின் தரையை வெட்ட வேண்டும். என்ஜினின் தீப்பொறி ஒவ்வொன்றும் ரேடியோவில் "கிர்ர்" என்று கேட்கும். அதை அடக்கத் தனிப் பாகங்கள் வேண்டும். பூட்டுக்கூலியோடு 110 முதல் 130 டொலர் வரை ஆனது. அன்றைய புதிய ஃபோர்ட் காரின் விலையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

அந்த வேலையில் கல்வினுக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் பில் லியர். பிற்காலத்தில் லியர்ஜெட் விமானம் செய்த அதே மனிதர்தான். 1960களில் அவர் எட்டுத் தட நாடாப் பெட்டியை உருவாக்க, 1966 மொடல் ஃபோர்ட் வண்டிகளில் அது விருப்பத் தெரிவாக வந்தது. மஸ்டாங் ஓட்டிய இளைஞன் முதல்முறையாகத் தான் தெரிந்தெடுத்த பாட்டைப் போகும் வழியெல்லாம் கேட்டான். அதற்குப் பத்து வருடம் முன்பே கிரைஸ்லர் கம்பனி காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டுப் பார்த்திருந்தது. நம்மூர்ப் பாதைகளில் அது எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தத் துளைக்கு வருவோம். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டப்படி டேஷ்போர்டை வெட்டியது. ஒரு வண்டியின் செட் இன்னொன்றில் நுழையாது. ஜேர்மனியின் தர நிறுவனமான டின், 180க்கு 50 என்று ஓர் அளவை நிர்ணயித்தது. 1984இல் அதுவே சர்வதேசத் தரமானது. ஜப்பானியர் உயரத்தை இரட்டித்து 100 ஆக்கினார்கள். சிங்கிள் டின், டபுள் டின் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். கசெட் போய் சீடி வந்தது, சீடி போய் புளூடூத் வந்தது, துளை மாறவில்லை.

ஆனால் அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடந்தது. அமார் போஸ் என்பவர் வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன், எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர். காரின் இருக்கை, கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, அந்தக் காருக்கென்றே ஒலியமைப்பை வடிவமைக்கலாம் என்று ஜெனரல் மோட்டோர்ஸிடம் சொன்னார். 1983 மொடல்களில் அது வந்தது. 1984 கொர்வெட்டிலும் விருப்பத் தெரிவாகக் கிடைத்தது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனிப் பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ளேயே தனி அம்ப்ளிபயர். அதுவரை கம்பனி செட் என்றாலே முகம் சுளித்தவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

சிக்கல் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்தது. அந்தச் சிறு அம்ப்ளிபயர்கள் முதுமையடைந்து இரையத் தொடங்கின. வேறு செட் பூட்டலாம் என்று போனவர்கள் திகைத்தார்கள். வெளியில் வாங்கும் செட்டுக்குள் அம்ப்ளிபயர் இருக்கும். கொர்வெட்டிலோ அது ஸ்பீக்கரோடு இருக்கிறது. இரண்டையும் நேராக இணைக்க முடியாது. ஒன்றில் இடையில் பொருத்தும் கருவி வாங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கர், வயர் எல்லாவற்றையும் உரித்தெடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல ஒலி கிடைத்தது உண்மை. கூடவே ஒரு பூட்டும் வந்தது.

1989இல் மஸ்டா கம்பனி ஒரு சிறிய இரட்டை இருக்கைக் காரை சிக்காகோவில் காட்டியது. உலகுக்கு எம்எக்ஸ்-5, ஜப்பானுக்கு யூனோஸ் ரோட்ஸ்டர். கூரையை மடித்து ஓட்டும் வண்டி. இதில் செட்டை மேம்படுத்தப் போனவர்கள் ஒரு பௌதிகப் பாடமே படித்தார்கள். கூரை திறந்ததும் காற்றின் இரைச்சல் தாழ்ந்த சுரங்களை விழுங்கிவிடும். பெரிய அம்ப்ளிபயர் போட்டால் பாட்டை விடக் கதவுதான் அதிகம் அதிரும். ஆழமான காந்தமுள்ள ஸ்பீக்கரைக் கதவில் பூட்டினால், கீழே இறங்கும் ஜன்னல் கண்ணாடி அதில் முட்டும். மஸ்டாவே கண்ட வழி எளிமையானது: தலைசாயும் இடத்தில், காதுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். காது பக்கத்தில் இருந்தால் கத்தத் தேவையில்லை. முப்பது வருடம் கழித்தும் அந்த வண்டிகளில் புதுச் செட் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள், காரணம் அதன் துளை தர அளவானது. 2020இல் போர்ஷே கம்பனியே தன் பழைய 911களின் சிங்கிள் டின் துளைக்குள் நுழையும்படி தொடுதிரைச் செட் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5இல் அந்தத் துளை இல்லை. டேஷ்போர்டின் மேல் திரை நிற்கிறது. அதன் விதி கம்பனியின் கையில்.

நம்மூரில் ரோட்ஸ்டர் காண்பது அபூர்வம். ஆனால் அதே ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் வண்டிகள் வாசலுக்கு வாசல் நிற்கின்றன. ஜப்பானின் எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸில் முடிந்தது. 90க்கு மேல் 108 வரை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் இருந்தன. 2011இல் அந்தப் பழைய ஒளிபரப்பை நிறுத்தத் தொடங்கிய பிறகுதான் வானொலியை 95 வரை நீட்டினார்கள். நமது நிலையங்களோ பெரும்பாலும் 88க்கும் 108க்கும் இடையில். ஆகவே ஜப்பானுக்கென்று செய்த செட் இங்கே வந்ததும் பாதி ஊமை. நோன்பு மாதத்தில் மஃரிப் நேரத்தில் நடுவீதியில் மாட்டிக்கொண்டு, அதான் கேட்க அந்த செட்டைத் திருகிப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

டின் துளை இருந்தால் வயரிங் பாஸ் ஒரு மணித்தியாலத்தில் செட்டை மாற்றித் தருவார். திரை டேஷ்போர்டோடு ஒட்டியிருந்தால் அன்டெனா வயரில் ஒரு குட்டிப் பெட்டி பூட்டுவார், பேண்ட் எக்ஸ்பாண்டர். அது செய்வது சின்ன வகுப்புக் கழித்தல்தான். 20 கழிக்கும் பெட்டியென்றால் 100இல் உள்ள நிலையம் திரையில் 80 என்று வரும். ஆனால் 90இல் முடியும் ஜப்பான் செட்டின் இடம் 14 மெகாஹேர்ட்ஸ், நமக்குத் தேவை 20. எப்படிக் கழித்தாலும் சில நிலையங்கள் வெளியே நிற்கும். எந்த நிலையத்தை விடுவது என்பது கடையில் கிடைக்கும் பெட்டியைப் பொறுத்தது. போதாததற்கு, பெட்டரியைக் கழற்றிப் பூட்டினால் ஜப்பான் மொழியில் இரகசிய எண் கேட்டு நின்றுவிடும் திரைகளும் உண்டு.

ஊரில் முதன்முதலில் கசெட் செட் பூட்டிய வாகனம் யாருடையது என்று மூத்தவர்களிடம் விசாரித்தோம். மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். மூவரும் சத்தியம் பண்ணாத குறை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பழைய செட் யாரிடமாவது கழற்றிவைத்தபடி இருந்தால் ஒரு படமும் போடுங்கள்.