ஒன்றும் முழுமையும்: ‘ஏஸ்’ என்னும் சொல்லின் வரலாறு

சொற்களுக்கும் குடிவழி உண்டு. வாழ்வும் தாழ்வும் உண்டு. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆகிய ‘ஏஸ்’ என்னும் சொல், முழுமையைக் குறித்துப் பிறந்து, கடைமையைக் குறிக்குமாறு தாழ்ந்து, பின்னர்த் தலைமையைக் குறிக்க உயர்ந்தது.

இதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘ஆஸ்’. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உரோமர் வெண்கலத்தில் வார்த்த நாணயத்தின் பெயர் அது. ஒருபுறம் இருமுகக் கடவுளான ஜானஸின் தலை. மறுபுறம் கப்பலின் முகப்பு. தொடக்கத்தில் அதன் எடை ஏறத்தாழ ஓர் உரோமப் பவுண்டு. அதனை 12 ‘உன்சியா’ எனப் பகுத்தனர். இன்றைய அவுன்ஸ், இஞ்சு ஆகிய இரு சொற்களும் அந்த உன்சியாவின் வழித்தோன்றல்களே. நாளடைவில், பகுக்கப்படும் எந்த முழுப்பொருளும் ‘ஆஸ்’ எனப்பட்டது. உரோமச் சட்டத்தில் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து முழுவதும் ஓர் ஆஸ். பங்காளிகள் பெறுவன உன்சியாக்கள். அனைத்தையும் ஒருவரே பெற்றால் அவர் ‘முழு ஆஸுக்கு உரியவர்’.

தமிழ் கற்றோர் ஈண்டுச் சற்று நின்று நோக்குதல் தகும். சூதாட்டத்தில் ஒன்று விழுவதைத் தாயம் என்கிறோம். தந்தைவழி வரும் உரிமைப் பொருளும் தாயமே. பகடையின் ஒன்றும் குடும்பத்தின் உடைமையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது இரு மொழிகளிலும் காணப்பெறும் வியப்பு. இச்சொற்களிடையே பிறப்புறவு ஏதும் இல்லை. ஒலியொப்புமை ஒன்றையே கண்டு உறவு கொண்டாடுவோர், ‘ஆஸ்’ என்பதை ‘ஆசு’ என்று எழுதிப் பார்க்கட்டும். குற்றம் என்று பொருள்படும். ‘ஏஸ்’ என்பதை ‘ஏசு’ என்று எழுதினாலோ வசையாகிவிடும்! கிரந்த எழுத்தை இவ்விடத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போர்ச் செலவுகள் உரோம நாணயத்தை மெலியச் செய்தன. ஒரு பவுண்டாக இருந்த ஆஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் அரை உன்சியா அளவுக்குத் தேய்ந்தது. கட்டுல்லஸ் என்னும் இலத்தீன் கவிஞர், காதலரைப் பழிக்கும் முதியோரின் வம்புப் பேச்சுக்கு மதிப்பிடும்போது ஓர் ஆஸ் என்றே விலை வைத்தார். முழுமையின் பெயர் சல்லிக்காசின் பெயராகிவிட்டது.

பழைய பிரெஞ்சு மொழியில் இது பகடையின் ஒன்றைக் குறித்தது. அங்கிருந்து ஆங்கிலத்துள் புகுந்தது. இரு பகடைகளிலும் ஒன்றே விழுதல் இழப்பின் அடையாளமாயிற்று. சாசர் தம் கதைத்தொகுப்பில் அதனை அவ்வாறே ஆள்கிறார். நம் ஆட்டத்திலோ தாயம் விழுந்தால்தான் காய் களம் இறங்கும். ஒன்றுக்கு அங்கு இகழ்ச்சி, இங்கு வரவேற்பு!

பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சீட்டாட்டம் வந்தபின், ஒற்றைக்குறிச் சீட்டுக்கு இப்பெயர் அமைந்தது. கடைநிலையில் இருந்த அச்சீட்டு அரசனையும் வெல்லும் நிலைக்கு ஏறியது. பிரெஞ்சுப் புரட்சியே குடிமகனை அரசனுக்கு மேல் ஏற்றியது என்பர். அழகான கதைதான், ஆயினும் புரட்சிக்கு நெடுங்காலம் முன்னரே சில ஆட்டங்களில் ஏஸ் உயர்ந்திருந்தது.

இங்கிலாந்தில் இச்சீட்டு உயிரையும் வாங்கியது. 1711-இல் சீட்டுக்கட்டுகளின் மீது வரி உயர்த்தப்பட்டது. 1765 முதல் இஸ்பேட்டு ஏஸை அரசின் முத்திரைத்தாள் அலுவலகமே அச்சிட்டது. வரி செலுத்தியமைக்கு அதுவே சான்று. அதனைப் போலியாக அச்சிடுதல் மரண தண்டனைக்குரிய குற்றம். 1805-இல் ரிச்சர்டு ஹார்டிங் என்பவர் அக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டார். ஒரு துண்டுத் தாளுக்காக ஒரு மனித உயிர்! சீட்டுவரி 1960 வரை நீடித்தது. இஸ்பேட்டு ஏஸில் காணும் விரிந்த அலங்காரம் அக்காலத்தின் எச்சம்.

டென்னிசில், எதிராளியின் மட்டை தொடமுடியாத தொடக்க அடியும் கோல்ஃபில் ஒரே அடியில் குழி சேரும் பந்தும் இப்பெயர் பெற்றன. ஒன்று என்னும் பழம்பொருள் அங்கே மறையவில்லை.

முதல் உலகப்போரில் சொல் வானேறியது. 1915-இல் பிரெஞ்சுச் செய்தித்தாள்கள் அடால்ஃப் பெகூ என்னும் விமானியை ‘ஆஸ்’ எனப் புகழ்ந்தன; ஐந்து பகை விமானங்களை வீழ்த்தியவருக்குரிய பட்டமாக அது நிலைத்தது. செருமானியர் தம் வீரரைப் ‘பீரங்கி’ என்றனர். பெகூ அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மாண்டார்.

இப்பட்டம் பெற்ற இந்தியர் இந்திரலால் ராய். 1898-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1918 ஜூலை 6 முதல் 19 வரையிலான இரு வாரங்களுக்குள் 10 வெற்றிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. ஜூலை 22-இல் பிரான்சு நாட்டு வானில் நடந்த சண்டையில் அவருடைய விமானம் வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 19. எஸ்தவெல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில், வங்க எழுத்துகள் பொறித்த கல்லின்கீழ் அவர் துயில்கிறார்.