செம்மரமும் கோடாலியும்: சேஷாசலக் காட்டின் கதை

கொலுவில் வைக்கிற மரப்பாச்சி ஜோடி எந்த மரத்தில் செய்தது என்று கேட்டால், பழைய ஆட்கள் உடனே சொல்லுவார்கள், செம்மரம் என்று. திருப்பதிக்கு வந்த யாத்திரிகர்கள் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள். அந்த மரத்துக்காக உயிர்கள் போகும் என்று அன்று யார் கண்டது?

தெலுங்கில் இதற்கு எர்ரசந்தனம் என்று பெயர். பேரில்தான் சந்தனம், வாசனை கிடையாது. உலகத்திலேயே இது இயற்கையாக வளருவது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான்: சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை, நல்லமலை. வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் மூழ்கும், கரையான் அண்டாது. அப்படி வைரம் பாய 25, 30 வருஷமாவது வேண்டும்.

ஆதியில் இது சாயச் சரக்கு. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் கம்பளிக்குச் சாயமேற்ற இதைக் கப்பலேற்றின. 1856இல் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பிறகு மரச்சாயங்களுக்குக் கிராக்கி போயிற்று. அதே 1856இல்தான் சென்னை மாகாணத்து வனங்களுக்கு கிளெக்ஹார்ன் தலைமை அதிகாரியானார். ரயில்பாதைக் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் காடுகள் வேகமாக வெட்டப்பட்ட காலம் அது. பிறகு வந்தது 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். ரிசர்வ் காட்டில் கோடாலியோடு நுழைந்தாலே குற்றம் என்றாயிற்று. அப்போது திருப்பதி, சந்திரகிரி எல்லாம் வடஆற்காடு ஜில்லா. 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. ஆக, இன்றைய மாநில எல்லை அன்றைய கோடாலிக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டில் மரத்துக்கு வேறு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்புக் கருவிக்கு இதை விரும்பினார்கள், சீனாவில் உயர்ந்த மேஜை நாற்காலிகளுக்கு. அலையலையாக ரேகை ஓடிய கட்டைக்குத் தனி விலை. 1995இல் சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்ந்தது. நேர்வழியில் சரக்கு குறைந்தால் திருட்டுச் சரக்கின் விலை ஏறும். இது எந்த வியாபாரிக்கும் தெரிந்த கணக்கு.

வெட்ட ஆள்? ஜவ்வாது மலையில் சந்தன மரம் அருகிப்போனது, கோடாலிப் பழக்கம் மட்டும் மிஞ்சியது. ஏஜெண்டுகள் முன்பணம் கொடுத்து அந்த மலையாளிப் பழங்குடியினரை இந்தப் பக்கம் கூட்டிவந்தார்கள். 2013 டிசம்பரில் திருமலைக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7இல் சந்திரகிரிப் பக்கக் காட்டில் 20 தமிழர்கள் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தாக்கினார்கள், சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். பல மடங்கு லாபம் பார்த்தவர்கள் அந்த இடத்தில் யாருமே இல்லை.

அந்த நாட்களில் இங்கே "தமிழ்க் கூலிகள்" என்ற சொல் அடிக்கடி காதில் விழுந்தது. தலைமுறையாக இந்த மண்ணில் பிழைக்கிற நமக்கு அது உறுத்தியது நிஜம். ஆனால் வரலாறு சொல்வது வேறு. சாயக் காலத்திலிருந்து இன்றுவரை விலையை வைத்தது கடல் தாண்டிய சந்தை, கோடாலி பிடித்தது மலைக்காட்டு ஏழை. அவன் பேசும் பாஷை இதில் காரணமே இல்லை.

2019இல் பட்டா நிலத்தில் பயிரிட்ட செம்மரத்தை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு வழி திறந்தது. விவசாயி நேர்வழியில் விற்கட்டும், நல்லதுதான். கூடவே மலைக்காரனுக்கு மலையிலேயே ஒரு பிழைப்பு வேண்டும். அது இல்லாமல் காட்டுக்கு எத்தனை காவல் போட்டாலும் கணக்கு நேராகாது.