பெண்கை எழுத்து

ஜப்பானியர்கள் முதலில் எழுதக் கற்றது சீன எழுத்தைக் கொண்டுதான். ஆனால் அந்த எழுத்து அவர்கள் மொழிக்கு ஒட்டவே இல்லை. சீனத்தில் சொற்கள் உருமாறுவதில்லை. ஜப்பானியத்திலோ, தமிழைப் போலவே, வேற்றுமை உருபும் வினை விகுதியும் அடுக்கடுக்காக வந்து ஒட்டும். இவற்றை எப்படி எழுதுவது? பொருளைக் கழற்றிவிட்டு, ஒலிக்காக மட்டும் சீன எழுத்துகளை எடுத்தாண்டார்கள். 8-ஆம் நூற்றாண்டின் 'மன்யோஷூ' பாடல் தொகுப்பில் இந்த முறையை நிறையவே காணலாம்.

ஓர் அசைக்கு அத்தனை கோடுகள் போட யாருக்குப் பொறுமை இருக்கும்? தூரிகை வேகமெடுத்தது; அப்படிச் சுழித்து எழுதிய வடிவமே ஹிராகனா. பெண்ணைக் குறிக்கும் சீன எழுத்தை விரைந்து சுழித்தால் 'மே' என்ற ஹிராகனா எழுத்து வந்துவிடும். பௌத்தத் துறவிகள் வேறு வழி கண்டார்கள். சூத்திரங்களின் வரியிடையே உச்சரிப்பைக் குறிக்க இடம் போதாததால், எழுத்தின் ஒரு துண்டை மட்டும் எழுதினார்கள், அது கதகானா. சமஸ்கிருத ஒலியியலையும் அவர்கள் பயின்றிருந்தார்கள். இன்றும் ஜப்பானியக் குழந்தை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந வரிசையில் படிப்பது அதனால்தான்.

கியோத்தோ அரசவையில் ஆண்களின் அலுவல் எல்லாம் சீனத்தில் நடந்தது. பெண்கள் எழுதிய ஹிராகனாவுக்குப் 'பெண்கை' என்றே பெயர். காதல் கடிதத்துக்கும் பாட்டுக்கும் ஆண்களும் அதைத்தான் நாடினார்கள். தோசா மாகாண ஆளுநராக இருந்த கவிஞர் கி நோ சுராயுகி, 935 வாக்கில் தலைநகர் திரும்பிய பயணத்தை ஒரு பெண் எழுதுவதாக ஹிராகனாவில் எழுதினார். தோசாவில் இறந்துபோன மகளின் நினைவு அந்த நாட்குறிப்பு நெடுகிலும் வருகிறது. அந்தத் துயரத்தை அரசாங்க மொழியில் அவரால் அழுதிருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

அதே அரசவையில் பணிபுரிந்த முராசாகி ஷிகிபு, சகோதரர் பாடம் படிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டே சீனம் கற்றவர். அரசவையில் அதை மறைத்தார். 'ஒன்று' என்ற சீன எழுத்து ஒரே ஒரு படுக்கைக் கோடு; அதைக்கூட எழுதிக்காட்டுவதில்லை என்று தம் நாட்குறிப்பில் சொல்கிறார். அவர்தான் ஹிராகனாவில் 54 அத்தியாயங்கள் கொண்ட 'கெஞ்சி கதை' என்ற நாவலைப் படைத்தார். ஆண்கள் பெருமையோடு எழுதிய சீனக் கவிதைகளை இன்று அறிஞர்கள் படிக்கிறார்கள்; கெஞ்சியை ஜப்பானே படிக்கிறது.

ஹிராகனாவில் ஓர் ஒலிக்குப் பல வடிவங்கள் இருந்த குழப்பம் 1900-ஆம் ஆண்டின் பள்ளி விதியோடு முடிந்தது. இன்று அடிப்படை எழுத்துகள் 46. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரை வாக்காளரே கைப்பட எழுத வேண்டிய நாடு ஜப்பான். அதனால், எளிதாக எழுதட்டும் என்று, தேர்தல் சுவரொட்டிகளில் பல வேட்பாளர்கள் தங்கள் பெயரை ஹிராகனாவில் பெரிதாக அச்சிடுகிறார்கள்.